மேற்குப் பார்த்த ஜன்னலும் மின்விசைத் திரையும்

(இல்லமும் வசதியும் – திங்கள்தோறும்)

தில்லி மாநகரில் குடியேறி வாழும் நம்மவர், வீடு தேடும்போது வாடகை, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், தண்ணீர் வரும் நேரம் ஆகிய நான்கையும் தவறாது விசாரிக்கின்றனர். ஜன்னல் எத்திசையை நோக்கியுள்ளது என்று விசாரிப்போர் மிகச் சிலரே. சித்திரை பிறந்த பின்னரே அக்கேள்வியின் அருமை விளங்குகிறது. அப்போது வீட்டை மாற்ற இயலாது; ஜன்னலையும் திருப்பி வைக்க இயலாது. செய்யக்கூடியது ஒன்றே. வெயிலுக்குத் தக்க மறைப்பு அமைத்தல் வேண்டும்.

பித்தானை அழுத்தியதும் தானே ஏறி இறங்கும் மின்விசைத் திரைகளைப் பற்றி எழுதுமாறு அன்பர் சிலர் கேட்டுள்ளனர். அவை செல்வர் மாளிகைக்குரிய ஆடம்பரமா, நடுத்தரக் குடும்பத்துக்கும் பயன்படுவனவா என்பதே அவர்கள் ஐயம். விடை வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே முதலில் வெயிலின் போக்கையும், பின்னர் திரையின் தன்மையையும் காண்போம்.

தில்லி ஏறத்தாழ 28.6 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஜூன் 21-ஆம் நாள் நண்பகலில் சூரியன் இங்கு 85 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. ஆதலால் ஜன்னலின் மேல் இரண்டடி நீட்டிய சஜ்ஜா எனப்படும் வெயில் பலகை ஒன்றே தெற்கு ஜன்னலைக் காத்துவிடும். மாலைச் சூரியனோ தாழ்ந்து நின்று நேரே வீட்டினுள் பாய்கிறது. அந்நாளில் அது மறையுமிடம் நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து 27 பாகை வடக்கே தள்ளிய இடம். மறைவதும் மாலை ஏழு மணிக்கு மேல்தான். எனவே மேற்கு, வடமேற்கு ஜன்னல்கள் பிற்பகல் இரண்டு மணி தொடங்கி ஐந்து மணி நேரம் வெயில் குளிக்கின்றன. சஜ்ஜா அங்கே பயன்படாது. குளிர்காலத்தில் நிலை நேர்மாறாகும். டிசம்பர் நண்பகலில் சூரியன் 38 பாகை உயரமே ஏறுகிறது. அவ்வெயில் தெற்கு ஜன்னல் வழியே அறையின் நடுவரை வந்து விழும். அதனைத் தடுப்பது அறிவுடைமையாகாது. ஆகவே இவ்வூருக்குக் காலத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஏறியிறங்கும் மறைப்பே தேவை. என்றும் மூடியே கிடக்கும் கனத்த திரைச்சீலை ஓர் இருட்டறையைத்தான் தரும்.

இனி ஓர் உண்மையைத் தெளிவாகக் கூறிவிடல் வேண்டும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதே முதன்மையான முறை. கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடுகிறது. அவ்வொளியால் சூடேறிய பொருள்கள் வெளியிடும் வெப்பக் கதிரை அது எளிதில் வெளியே விடுவதில்லை. உள்ளே தொங்கும் திரை வெயிலில் ஒரு பகுதியைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். எஞ்சியதைத் தான் ஏற்றுச் சூடாகி அறைக்கே வழங்கும். வெளியே தொங்கும் தட்டியோ அச்சூட்டை வெளிக்காற்றிலேயே விட்டுவிடும்.

இதனை இந்நாட்டு மக்கள் பன்னெடுங்காலமாக அறிந்துள்ளனர். வடநாட்டு வீடுகளின் தாழ்வாரத்தில் தொங்கும் ‘சிக்’ என்னும் மூங்கில் தட்டியும், ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும் நாட்களில் நீர் தெளித்து நிறுத்தும் வெட்டிவேர்த் தட்டியும் இவ்வறிவின் பயன்களே. நம் புகைவண்டிப் பெட்டிகளில் கண்ணாடிக் கதவுடன் சாய்ந்த பட்டைகள் கொண்ட இலைக்கதவும் வைத்திருப்பது வெயிலை நிறுத்திக் காற்றை விடுவதற்கேயாம். ஆகவே கீழ்த்தளத்திலோ பால்கனியுள்ள வீட்டிலோ வாழும் அன்பர்கள் முதலில் மேற்குப் பக்கம் ஒரு மூங்கில் சிக்கைக் கட்டுக. செலவு குறைவு, பயன் பெரிது.

எனினும் எல்லோருக்கும் அது இயலாது. துவாரகையிலும் நொய்டாவிலும் எட்டாம் மாடியிலும் பன்னிரண்டாம் மாடியிலும் வாழ்வோர் பலர். அங்கே கட்டடச் சங்கத்தார் வெளிமுகப்பில் எதையும் தொங்கவிட ஒப்புவதில்லை. ஒப்பினாலும் மே மாதத்துப் புழுதிப் புயல் தட்டியைப் பெயர்த்துக் கீழே செல்வோர் தலைமேல் போடக்கூடும். சில பகுதிகளில் குரங்குகள் சிக்கை ஒரு பருவம் விட்டுவைப்பதில்லை. இத்தகையோர்க்கு உள்திரையே வழி. உள்திரையிலும் வெளிர்நிறத் துணியோ, கண்ணாடியை நோக்கிய பக்கம் வெண்பூச்சுடைய துணியோ வெயிலை மிகுதியாகத் திருப்பியனுப்பும். கருந்துணி சூட்டை ஏற்றுக்கொள்ளும்.

இத்திரைக்கு மின்விசை எதற்கு? கையால் இழுத்தால் ஆகாதா? ஆகும், இழுப்பதற்கு உரிய நேரத்தில் வீட்டில் ஆள் இருந்தால்! பிற்பகல் இரண்டு மணிக்குக் கணவன் அலுவலகத்தில், மனைவி பள்ளியிலோ வங்கியிலோ பணியில், குழந்தைகள் வகுப்பில். ஆறு மணிக்கு அவர்கள் திரும்பும்போது சுவரும் கட்டிலும் கொதித்திருக்கும். அதன்பின் திரையை மூடுவது வெள்ளம் போனபின் அணை கட்டுவதாகும். குறித்த நேரத்தில் தானே இறங்கும் திரைக்கு இங்கே உண்மையான வேலை உண்டு.

வீட்டில் முதியோர் தனித்திருப்பின் அவ்வேலை இன்னும் பெரிது. 2024-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பம் 46.8 பாகையை எட்டியதை நேயர்கள் மறந்திரார். அக்கோடையில் எம் அன்பர் ஒருவரின் இல்லத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய தாயார் வந்து தங்கியிருந்தார். வயது 74, முழங்கால் வலியுடையவர். கூடத்து ஜன்னல் கட்டிலுக்குப் பின்புறம்; திரையின் கயிறோ மேலே சுற்றி முடிந்திருந்தது. பேரக்குழந்தை எட்டிப் பிடிக்கலாகாதென்று வீட்டாரே அவ்வாறு முடிந்து வைத்திருந்தனர். அம்மையார் நாள்தோறும் பிற்பகல் முக்காலி போட்டு ஏறி அதனை அவிழ்ப்பார். ஒருநாள் முக்காலி சாய்ந்தது, மணிக்கட்டு முறிந்தது. “என்னம்மா, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டிருக்கலாகாதா?” என்று மகன் வருந்தினார். “ஒரு திரையை இழுத்துவிட ஊரைக் கூட்டுவார்களா, தம்பி? எனக்கு அவர்கள் பாஷையும் வராதே!” என்றார் அம்மையார். மொழி அறியாத ஊரில், மூடிய கதவுக்குப் பின்னால், பகல் முழுதும் தனித்திருக்கும் நம் பெற்றோரின் நிலை அவ்விரண்டு சொற்றொடரில் அடங்கியுள்ளது. அவ்வீட்டில் இப்போது திரை பித்தானால் இயங்குகிறது. பித்தான் கட்டிலோரச் சுவரில், அம்மையார் அமர்ந்தவாறே எட்டும் உயரத்தில் உள்ளது.

கயிற்றைப் பற்றிய அச்சமும் வீண் அச்சமன்று. திரைக் கயிறும் மணிச்சங்கிலியும் வளையமாகத் தொங்கும்போது சிறு குழந்தையின் கழுத்தில் சுருக்காக விழக்கூடும். அமெரிக்க நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 9 பேர் இவ்வாறு உயிரிழப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறியுள்ளது. அங்கே ஆயத்தத் திரைகளின் கயிற்றுக்கு 2018 டிசம்பரிலும், அளவெடுத்துச் செய்யும் திரைகளின் கயிற்றுக்கு 2024 ஜூனிலும் கடுமையான கட்டுப்பாடு வந்தது. மின்விசைத் திரை வாங்க வசதியில்லாதோர் மணிச்சங்கிலியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கொக்கியையேனும் இன்றே பொருத்துக. சங்கிலித் திரை வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டால் அக்கொக்கி கிடைக்கும். குழந்தையின் தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னலருகே போடாதிருத்தல் அதனினும் நன்று.

இனித் திரையின் அமைப்பைக் கூறுவோம். வீடுகளில் பெரும்பாலும் பயன்படுவது சுருள்திரை. கடைகளில் ‘ரோலர் பிளைண்ட்’ என்பர். மேலே ஓர் அலுமினியக் குழாய். அதில் சுற்றிய துணி. அடியில் கனத்துக்காக ஒரு பட்டை. மோட்டார் அக்குழாய்க்குள்ளேயே நீண்டு கிடக்கும், வெளியே தெரியாது. அதன் வலிமையைத் திருப்புவிசையால் அளப்பர். அலகு நியூட்டன் மீட்டர். எவ்வளவு தேவை என்று நாமே கணக்கிடலாம். ஒன்றரை மீட்டர் அகலமும் அதே உயரமும் கொண்ட திரைக்கு 2.25 சதுர மீட்டர் துணி வேண்டும். சதுர மீட்டருக்கு 400 கிராம் என்றால் 900 கிராம். அடிப்பட்டை 600 கிராம். ஆக ஒன்றரைக் கிலோ, அதாவது ஏறத்தாழ 15 நியூட்டன் எடை. 38 மில்லிமீட்டர் குழாயின் ஆரம் 19 மில்லிமீட்டர். பெருக்கினால் 0.3 நியூட்டன் மீட்டருக்கும் சற்றுக் குறைவே. உராய்வுக்கு இடம் விட்டாலும் 1 நியூட்டன் மீட்டர் மோட்டார் தாராளமாகப் போதும். சாதாரண ஜன்னலுக்கு 6 நியூட்டன் மீட்டர் மோட்டாரை விற்க முற்படும் வணிகரிடம் இக்கணக்கைக் காட்டுக. பால்கனிக் கதவு போன்ற அகன்ற திறப்புக்குப் பெரிய மோட்டாருடன் தடித்த குழாயும் வேண்டும். மெல்லிய குழாய் நடுவில் தொய்ந்து துணியைச் சுருங்கச் செய்யும்.

மின்சாரம் தரும் வழி மூன்று. முதலாவது, வீட்டு மின்சாரம். 230 வோல்ட்டில் இயங்கும் மோட்டார்க்கு மின்கலக் கவலை இல்லை. எனினும் ஜன்னலின் மேல்வரை கம்பி இழுத்தல் வேண்டும். நில இணைப்பும் வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளரே இதைச் செய்தல் தகும். இவ்வகை மோட்டார்களிற் பல தொடர்ந்து நான்கு நிமிடம் ஓடினால் சூடேறித் தாமே நின்று, ஆறிய பின் ஓடும். அதனைப் பழுதென்று கருதி அஞ்ச வேண்டா. மின்வெட்டின்போது திரை நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டாவது, குழாய்க்குள் லித்தியம் மின்கலம் கொண்டது. கம்பி வேலை இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை கைப்பேசியைப் போல் மின்னேற்றினால் போதும். மூன்றாவது, ஏற்கெனவே உள்ள சுருள்திரையின் மணிச்சங்கிலியைப் பற்றிச் சுழற்றும் சிறு பெட்டி. பழைய திரையை மாற்றாமலே பயன்படுத்தலாம்.

வாடகை வீட்டினரும் அரசாங்கக் குடியிருப்பினரும் இரண்டாவது அல்லது மூன்றாவது வகையை நாடுதல் நன்று. நம் போன்றோர்க்கு இடமாற்ற உத்தரவு எந்நேரமும் வரலாம். சுவருக்குள் பதித்த கம்பியைக் கழற்றி மூட்டையில் கட்ட இயலாது. மின்கல மோட்டாரையோ அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்லலாம். புதிய ஜன்னல் சிறிதாயின் குழாயையும் துணியையும் வெட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பெரிதாயின் அவ்விரண்டை மட்டும் புதிதாக வாங்கினால் போதும். குடியிருப்பில் துளையிடுமுன் உரிய பிரிவினரிடம் எழுத்தில் அனுமதி பெறுக. காலி செய்யும் நாளில் தகராறு எழாது.

மின்கல வகையில் இரு எச்சரிக்கைகள் உள. வெப்பம் லித்தியம் மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். மேற்கு ஜன்னலில் கண்ணாடியை ஒட்டியே குழாயைப் பொருத்தலாகாது. சில அங்குலம் உள்வாங்கிப் பொருத்துக. எவ்வளவு வெப்பம்வரை தாங்கும் என்று மோட்டாரின் குறிப்பேட்டில் பார்த்து வாங்குக. அடுத்து, மின்னேற்றும் துளை குழாயின் நுனியில் ஏழடி உயரத்தில் இருக்கும். முக்காலி ஏறுவதைத் தவிர்க்க வாங்கிய பொருளுக்கு மின்னேற்ற முக்காலி ஏறுவதா? நீண்ட கம்பியோ, ஜன்னலில் ஒட்டும் சிறு சூரிய மின்தகடோ உடன் கிடைக்குமா என்று கேட்டு வாங்குக. மேற்கு ஜன்னலில் அத்தகட்டுக்கு வெயில் பஞ்சம் இராது!

துணியைத் தேர்வதில் அறையின் பயன் கருதல் வேண்டும். வலைபோல் நெய்த வெயில் துணிக்கு 1, 3, 5, 10 விழுக்காடு என்று துளையளவு குறிப்பர். கூடத்துக்கு 3 அல்லது 5 விழுக்காடு ஏற்றது. கண் கூசாது, வெளிக்காட்சியும் தெரியும். இரவில் உள்ளே விளக்கெரியும்போது வெளியிலிருப்போர்க்கு நம் கூடம் தெரியும் என்பதை மறவற்க. படுக்கையறைக்கு ஒளிபுகாத் துணி நன்று. எம் துறையினரைப் போல் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோர்க்கு அது மருந்துக்கு நிகர். அடுப்படி ஜன்னலில் எரிவாயு அடுப்புக்கு அருகே துணித்திரையே வேண்டா.

அளவெடுத்தல் மிக நுட்பமான வேலை. ஜன்னல் சட்டத்துக்குள்ளே பொருத்துவதாயின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில் அளந்து மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொள்க. நம் கட்டடங்களில் மூன்றும் ஒத்திருத்தல் அரிது. தாங்கிகளின் பொருட்டுத் துணி இருபுறமும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் உள்வாங்கும். அவ்விடைவெளியில் ஒளிக்கோடு விழும். முழு இருள் வேண்டுவோர் சட்டத்துக்கு வெளியே, சுவரில், இருபுறமும் மூன்று நான்கு அங்குலம் மிகும்படி பொருத்துக. உள்நோக்கித் திறக்கும் கதவுகளும் கொசுவலைச் சட்டமும் திரையில் மோதுமா என்று ஒவ்வொன்றையும் முழுதும் திறந்து பார்த்த பின்னரே அளவை எழுதுக. அங்குலமா, மில்லிமீட்டரா என்பதையும் அகலம் முன்னா, உயரம் முன்னா என்பதையும் தாளில் குறித்துக் கடைக்காரரிடம் கையொப்பம் பெறுக. வெட்டிய துணியை எவரும் திரும்பப் பெறார்.

பொருத்தும் முறை கடினமன்று. தாங்கிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் அமைதல் வேண்டும். ரசமட்டம் வைத்துக் குறியிடுக. மட்டம் பிறழின் துணி ஒருபுறமாகச் சரிந்து சுற்றி ஓரம் கிழியும். ஜன்னலின் மேலுள்ள கான்கிரீட் உத்தரத்தில் சுத்தியல் துளைக்கருவியால் துளையிட்டு, பிளக் செருகித் திருகாணியை முடுக்குக. மேற்பூச்சில் மட்டும் பிடித்த திருகாணி திரையோடு ஒருநாள் தலையில் விழும். விசைப்பலகைக்கு நேர் மேலே துளையிடற்க. சுவருக்குள் மின்கம்பி ஓடும். குழாயைத் தாங்கியில் மாட்டிய பின் சுழலும் திசையைச் சரிபார்த்து, மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் மோட்டாருக்குப் பதிவு செய்தல் வேண்டும். எல்லை பதியாத மோட்டாரை ஓடவிட்டால் அடிப்பட்டை மேலேறிச் சிக்கிக்கொள்ளும்.

கைப்பேசி வழியாகவும் இணையம் வழியாகவும் இயக்கும் வசதி இப்போது பரவலாக உண்டு. அது கூடுதல் வசதியே. கைப்பேசி பழகாத தாய் தந்தையர்க்குச் சுவர்ப் பித்தானோ கையடக்கக் கருவியோ கட்டாயம் இருத்தல் வேண்டும். பித்தானின் மேல் ‘ஏற’, ‘இறங்க’ என்று தமிழில் எழுதி ஒட்டுக. இணையம் அறுந்தாலும் பித்தான் வேலை செய்கிறதா என்பதைக் கடையிலேயே சோதிக்கலாம்.

நேரப் பட்டியல் ஒன்றும் தருகிறோம். ஏப்ரல் முதல் ஜூன் வரை கிழக்கு ஜன்னல் திரை காலை சூரியன் எழுமுன் இறங்கிப் பதினொரு மணிக்கு ஏறட்டும். மேற்கு ஜன்னல் திரை பிற்பகல் ஒன்றரை மணிக்கு இறங்கி ஏழரை மணிக்கு ஏறட்டும். டிசம்பரிலும் ஜனவரியிலும் தெற்குத் திரை காலை பத்து முதல் மாலை நான்கு வரை உயர்ந்திருந்து, பொழுது சாய்ந்ததும் இறங்கட்டும். ஆண்டுக்கு இருமுறை, கம்பளியை எடுக்கும் நாளிலும் மடித்து வைக்கும் நாளிலும், இந்நேரங்களை மாற்றி வைத்தால் போதும்.

பணம் கொடுக்குமுன் வணிகரிடம் கேட்க வேண்டியவை:

1. துணி, மோட்டார், கையடக்கக் கருவி, பொருத்தும் கூலி, வரி ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை யாது?

2. மோட்டாருக்கும் மின்கலத்துக்கும் தனித்தனியே எத்தனை ஆண்டு உத்தரவாதம்?

3. மோட்டார் பழுதாயின் அதனை மட்டும் மாற்றித் தருவீரா?

4. ஓடும் ஓசையைக் கேட்கலாமா? பகலில் உறங்குவோர் உள்ள வீட்டுக்கு இது முக்கியம்.

5. புழுதியை ஈரத்துணியால் துடைக்கலாகுமா?

எல்லா ஜன்னலுக்கும் மின்விசை வேண்டா. வீட்டில் வெயில் மிகுந்த ஜன்னல் ஒன்று; கைக்கெட்டாத ஜன்னல் ஒன்று; இவ்விரண்டுக்கும் அமைத்து ஒரு கோடையைக் கழித்துப் பாருங்கள். பிறவற்றுக்கு ஸ்பிரிங் பொருத்திய கயிறில்லாத் திரையோ, பாட்டி காலத்துப் பருத்திச் சீலையோ போதும். மிஞ்சிய பணம் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லப் பயணச்சீட்டாக உதவும்.

துளைக்கருவியும் ரசமட்டமும் வீட்டுக்கொன்று வாங்க வேண்டிய பொருள்களல்ல. அவற்றை உடைய அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் தெரிவித்தால், வேண்டுவோர் முறை வைத்துப் பெற்றுத் திருப்பித் தரலாம். பகலில் பெற்றோர் தனித்திருக்கும் இல்லங்களுக்கு முதலிடம் தருதல் முறை. ஒரே கட்டடத்தில் வாழும் நம்மவர், அம்முதியோர் இருக்கும் வீட்டுக்குப் பிற்பகலில் ஒருமுறை சென்று தமிழில் நாலு வார்த்தை பேசி வருதலும் தகும். அதற்கு எவ்விசையும் வேண்டா.

அடுத்த திங்கள், மழைக்காலத்தில் சுவர் ஓதம் காப்பதும் மரச்சாமான்களில் கறையான் ஏறாது தடுப்பதும் பற்றி எழுதுவோம்.